சம்பளம் கூடினால் மட்டும் மனம் குளிருமா?

தோட்டத்துப் பக்கம் போய், ‘வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘என்னமோ ஓடுதுங்க’ என்பார்கள். கிள்ளானில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற பிள்ளையைக் கேட்டாலும் இதே பதில்தான். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கிற தம்பியைக் கேட்டாலும் இதேதான். ‘என்னமோ ஓடுது’ என்ற இரண்டு சொல்லுக்குள் எத்தனை கசப்பு கிடக்கிறது என்று கேட்டவருக்குத் தெரியாது, சொன்னவருக்குத் தெரியும்.

சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றி வருகிற நமக்கு இந்தக் கேள்வி நெடுநாளாகவே மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதன் வேலையில் சந்தோஷமாக இருப்பதும், மனம் ஒடிந்து போவதும் எதனால்? ‘காசுதான் காரணம், வேறென்ன?’ என்று முதலாளிமார் சொல்கிறார்கள். சங்கத்திலும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். காசு வேண்டாம் என்று சொல்ல நாம் என்ன சாமியாரா? அரிசி மூட்டையும் பிள்ளையின் பஸ் கட்டணமும் காசில்தான் வரும். ஆனால் காசோடு கணக்கு தீர்ந்துவிடுகிறதா என்றால், தீரவில்லை. இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் எந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். 1941ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்தில் பால் வாளி தூக்கிய நம் பாட்டன் பாட்டிமார்தான்.

இளைய பிள்ளைகள் பலருக்கு அந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் அதைப் படித்ததில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்லுவோம்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஐரோப்பாவில் குண்டு விழ விழ, மலாயா ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. சாமான் விலையும் ஏறியது. நம்மவர் கூலி மட்டும் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசில் நின்றது. அதே வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. அவர்கள் கூட்டமாகக் காண்ட்ராக்ட் எடுப்பார்கள், ஒத்து வராவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். நம்மவர்கள் லயத்து வீடு, கங்காணி, கிராணி, கடைக் கடன் என்று நாலு பக்கமும் கட்டுண்டு கிடந்தவர்கள். இந்த நிலையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர் பக்கம் நின்று குரல் கொடுத்தது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். பத்திரிகையில் எழுதுகிற ஒருவர் பால் வெட்டுகிறவனுக்காக வீதியில் இறங்கினார் என்பதை இந்தப் பக்கத்தில் எழுதும்போது நமக்கு ஒரு பெருமைதான்.

அந்த ஆண்டின் முதல் மாதங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் வேலை நிறுத்தம் நடந்தது. தோட்ட முதலாளிகள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். கூலி 60 காசு அளவுக்கு வந்தது. காசு ஒன்றுதான் பிரச்சினை என்றால் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டுமல்லவா? முடியவில்லை. ஜனங்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கேட்டது என்ன தெரியுமா? அவர்கள் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அதில் கூலியைப் பற்றியது ஒன்றே ஒன்று: சீனத் தொழிலாளர்களுக்குச் சமமாக எங்களுக்கும் கொடு என்பது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. மற்றவற்றைப் பாருங்கள். தொழிலாளரை அடித்து உதைக்கும் தோட்டச் சிப்பந்திகளை நீக்கு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பைக் கொடு. நோய் நொடிக்கு ஒழுங்கான வைத்தியம் கொடு. வெள்ளைத் துரைகளும், ‘கறுப்புத் துரைகளும்’ எங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து. கள்ளுக்கடையை மூடு. பேசவும் கூட்டம் போடவும் விடு. எங்களைப் பார்க்க வரும் உற்றார் உறவினரைத் தோட்டத்துக்குள் விடு. குறை சொன்னவனைப் பழி வாங்காதே. சங்கம் வைத்துக்கொள்ள விடு.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவதுதான் நம் மனத்தை விட்டுப் போவதே இல்லை. துரையும் கிராணியும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும்!

கேட்டீர்களா? சைக்கிள் அவனுடையது. பாதை நேராகத்தான் போகிறது. எதிரே துரை வருகிறார். துரை கூட வேண்டாம், துரையின் கிராணி வந்தாலும் போதும். இவன் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகு ஏறிக்கொள்ளலாம். இதில் அவனுக்கு ஒரு காசு நஷ்டம் உண்டா? கிடையாது. உடம்பில் அடி உண்டா? கிடையாது. அரை நிமிஷ விஷயம். ஆனாலும் கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கோரிக்கையாக எழுதி, வேலையை விட்டு, பசி கிடந்து, துப்பாக்கிக்கு முன்னால் நின்றான் நம் பாட்டன். ஏன்? பின்னால் கேரியரில் மகன் உட்கார்ந்திருந்தால் அவன் என்ன பார்ப்பான்? தகப்பன் இறங்கி நிற்பதைப் பார்ப்பான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நாளைக்கு எந்தக் கிராணி வந்தாலும் தானாகவே இறங்கி நிற்கும். இதற்கு எத்தனை காசு ஈடு கொடுப்பது?

1941 மே 6ஆம் நாள் நாதனைக் கைது செய்தார்கள். கிள்ளான் கொதித்தது. அவரை விடுதலை செய்யச் சொல்லித் தோட்ட மக்கள் திரண்டார்கள். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். சயாம் ரயில் பாதையும் பஞ்சமும் வந்து, கிள்ளான் கதையை மேலே மண் போட்டு மூடிவிட்டன.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1954இல் பல சங்கங்கள் ஒன்று சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்பது 2013இல்தான் வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2022இல் 1,500 ஆயிற்று, 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. வார வேலை நேரம் 2023 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவையெல்லாம் சும்மா வந்தவை அல்ல, கேட்டுக் கேட்டு வந்தவை. இந்த 1,700 வெள்ளியை வைத்துக்கொண்டு கிள்ளானில் வாடகை கட்டி, நாலு பேர் சாப்பிட முடியுமா என்பது வேறு விஷயம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுவோம். சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் துரையும் இப்போது இல்லை. ஆனால் ‘சைக்கிள்’ ஒழிந்துவிட்டதா என்பதுதான் நம் கேள்வி.

சில வருஷங்களுக்கு முன் கிள்ளானுக்கு அடுத்து ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். போனஸ் விஷயமாகப் பேசப் போயிருந்தோம். கணக்கெல்லாம் எழுதிக்கொண்டு போய், வெளிக்காட்டு வேலை செய்கிற பெண்கள் மத்தியில் அரை மணி நேரம் விளக்கினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மூத்த அக்கா ஒருவர் எழுந்தார். ‘தம்பி, போனஸ் கிடக்கட்டும். அந்த மண்டோர் எங்கள ஏய், ஏய்னு கூப்பிடறான். பெரட்டுப் புத்தகத்துல எங்க பேரு இருக்குதுதானே? பாத்து வாசிக்கத் தெரியாதா அவனுக்கு?’ என்றார். அவ்வளவுதான், மடை திறந்தாற்போல எல்லாப் பெண்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒதுங்கப் போனால் பின்னாலேயே வந்து நேரம் பார்க்கிறானாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால், ‘ஒனக்கு மட்டும்தான் பிள்ள இருக்கா?’ என்கிறானாம். நிர்வாகியிடம் போனோம். ‘இதெல்லாம் ஒரு கம்ப்ளேய்ன்டா?’ என்று சிரித்தார். அவர் சிரிப்பு நிற்க மூன்று கூட்டம் ஆயிற்று. முடிவில் அந்த மண்டோரை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவர். பிறகு ஒருநாள் அந்த மூத்த அக்காவைப் பார்த்து, ‘இப்ப எப்படிக்கா?’ என்று கேட்டோம். ‘அதே வேலைதான் தம்பி. முந்தி இடுப்பும் வலிச்சுது, நெஞ்சும் வலிச்சுது. இப்ப இடுப்பு மட்டுந்தான்’ என்றார்.

வாய்ப்பேச்சு ஒரு பக்கம். கணக்கில் நேர்மை இல்லாவிட்டால் அது இன்னொரு வகை வேதனை. பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொண்டுபோன பாலை நிறுத்த பிறகு, அதில் தேறும் ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்று சோதித்துத்தான் கூலி போடுவார்கள். 30 கிலோ பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 35 என்று எழுதினால் பத்தரைக் கிலோ ரப்பர். 32 என்று எழுதினால் 9.6 கிலோ. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் கிராம் போயிற்று. மாதம் 25 நாள் வெட்டினால் இருபத்திரண்டரைக் கிலோ! எழுதுகிறவர் பேனா, பார்க்கிறவர் கண். செம்பனையில் இது வேறு உருவில் வருகிறது. காய்க்குலை என்று சொல்லிப் பிடிப்பார்கள், உதிரிப் பழம் பொறுக்கவில்லை என்று பிடிப்பார்கள். பிடித்தது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் எந்தக் குலை, எந்த மரம் என்று காட்டாமல் பிடித்தால், பத்து வெள்ளி போன வருத்தத்தைவிட ‘என்னை ஏமாளி என்று நினைத்துவிட்டான்’ என்ற எரிச்சல்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. இது நாம் பல வீடுகளில் கண்டது.

மருந்தடிக்கிற பெண்களின் கதையோ தனிக்கதை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்து, நகம் கறுத்து, மூக்கில் ரத்தம் வந்து கிடந்தவர்கள் நம் தாய்மார்கள். ‘மருந்து’ என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் கெட்டிக்காரன். விஷத்தை விஷம் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்களா? ‘தெனாகனித்தா’ அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் போன்றவர்கள் இதற்காகப் பல காலம் போராடினார்கள். 2002இல் அரசாங்கம் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, பிறகு 2020 முதல்தான் முழுத் தடை வந்தது. ஐரின் 2014இலேயே காலமாகிவிட்டார். இந்தப் பெண்களில் சிலரை நாம் கேட்டிருக்கிறோம். விஷம் என்பதைவிட, ‘தலை சுத்துதுன்னு சொன்னப்போ நடிக்கிறேன்னு சொன்னாங்க’ என்பதைத்தான் அவர்கள் இன்றும் மறக்கவில்லை.

சரி, துன்பத்தையே பேசிக்கொண்டிருக்கிறோமே, சந்தோஷம் என்பதே தோட்டத்தில் இல்லையா? ஏன் இல்லை! நம் தாயார் பால் வெட்டியவர். விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போவார். அவர் நிரையில் மரங்களைப் பார்த்தால் பட்டை சுவருக்குச் சாந்து பூசியதுபோல வழவழவென்று ஆறியிருக்கும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுபடி அந்தப் பட்டையில் வெட்ட முடியாது. மேலாக வெட்டினால் பால் குறையும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது. அதைக் கைதான் அறியும், கண் அறியாது. ‘எங்க மரத்தைப் போய் பாரு’ என்று அம்மா சொல்லும்போது அந்த மரம் கம்பெனியுடையது என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. பசியாற உட்காரும் நேரத்தில் பக்கத்து நிரைக்காரர்களோடு பகடி, யார் வீட்டுக் கல்யாணம், எந்தப் படம், ஆயாக் கொட்டகையில் எந்தப் பிள்ளை எதைக் கொட்டியது என்ற பேச்சு. இந்தச் சந்தோஷம் எதுவும் நிர்வாகம் கொடுத்தது அல்ல. அது கெடுக்காமல் விட்டிருந்தாலே போதும்.

தொழிற்சாலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று, சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாயிற்று, எபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமாவாயிற்று. மரம் போன இடத்தில் தொழிற்சாலையும் கிடங்கும் வந்தன, அங்கேயே நம் பிள்ளை பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்கிறான். சம்பளம் தகப்பன் வாங்கியதைவிடக் கூடுதல்தான். ஆனால் ‘என் வேலையைப் பார்’ என்று காட்ட அவனுக்கு என்ன இருக்கிறது? காண்ட்ராக்டர் பெயர் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாறுகிறது, சட்டையில் குத்தின பட்டையும் மாறுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்களோடு பேசினால் இது இன்னும் விளங்கும். அங்கே 1905 வாக்கில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ ரயில்வேக்காரர்களும் அரசாங்கச் சிப்பந்திகளும் குடியிருந்த இடம். இப்போது அது இடிபட்டுப் போயிற்று. செந்தூல் பட்டறைக்கும் பிரிக்பீல்ட்ஸ் கொட்டகைக்கும் போய் எண்ணெய்க் கறையோடு திரும்பிய அந்த மனிதர்களின் வேலை ஒன்றும் சொகுசான வேலை இல்லை. ஆனாலும் ‘நான் ரயில்வே’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். நாம் ‘எஸ்டேட்டு’ என்று சொல்லும்போது குரல் தாழ்ந்தது. காரணம் இருக்கிறது. ரயில்வேக்காரனுக்குப் படி உயர்வு இருந்தது, ஓய்வு பெற்றால் பென்ஷன் இருந்தது. தோட்டத்துக்காரனுக்கு வீடே வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் போச்சு. மண்டோரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுமுன் கூரை போய்விடுமோ என்று பார்க்க வேண்டியிருக்கிறவன் எப்படிச் சிரித்துக்கொண்டு வேலை செய்வான்? சொந்த வீட்டுத் திட்டத்துக்காக நாம் இத்தனை காலம் தொண்டை வறளக் கத்துவது சுவருக்காகவும் கூரைக்காகவும் மட்டுமல்ல.

சங்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். கேரளத்து மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 2015 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 20 விழுக்காடாக இருந்த போனஸைக் கம்பெனி 10 ஆக்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை, விரட்டினார்கள்! ஒன்பது நாளில் 20 விழுக்காட்டை வாங்கியும் காட்டினார்கள். அந்தப் பெண்களின் கோபம் கம்பெனி மேல் பாதி என்றால், தங்கள் பெயரில் பேசிவிட்டுத் தங்களைக் கேட்காத ஆண் தலைவர்கள் மேல் பாதி. மேடையில் மாலை வாங்குகிற நம்மைப் போன்றவர்கள் இதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இன்று நம் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும் பகுதியினர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் என்று வந்தவர்கள். ‘அவனுங்க வந்துதான் எங்க சம்பளம் கெட்டுச்சு’ என்று நம்மவர்கள் பேசுவது காதில் விழுகிறது. 1941இல் சீனனைக் காட்டி நம்மைப் பயமுறுத்தியதும், நம்மைக் காட்டிச் சீனனைப் பயமுறுத்தியதும் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவனைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்களா என்று கண்டுபிடிக்க அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் பதினொரு அடையாளங்களை வைத்திருக்கிறது. வெளியுலகத் தொடர்பைத் துண்டிப்பது, நடமாட்டத்தைத் தடுப்பது, மிரட்டுவது, கைவைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, அளவுக்கு மீறி வேலை வாங்குவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, கடனில் மாட்டுவது என்று போகிறது அது. நம் கிள்ளான் பன்னிரண்டையும் இந்தப் பதினொன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உறவினரை உள்ளே விடு என்றார்களே நம் பெரியவர்கள், பெண்களைத் தொடாதே என்றார்களே, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முடியாது என்றார்களே, எல்லாம் அதில் இருக்கிறது. இந்த அடையாளங்களைக் காட்டித்தான் 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளான்டேஷன் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்திலேயே தடுத்தது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைக் கம்பெனி தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, சீர்திருத்தங்கள் செய்த பிறகு 2023இல்தான் தடை நீங்கியது. பால் வாளி தூக்கியவர்கள் 1941இல் எழுதிய தாளை அப்போதே ஒழுங்காகப் படித்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

வரும் மாதங்களில் பல தோட்டங்களில் கமிட்டிக் கூட்டம் நடக்கும். சம்பளம், போனஸ், மருத்துவம் என்று வழக்கமான தாள் ஒன்று தயாராகும், ஆகட்டும். அதோடு இன்னொரு தாளையும் வையுங்கள். பெரட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், பெண்களிடம் முதலில், பக்கத்து டிவிஷன் வங்காளதேசத் தம்பியிடமும் சேர்த்து, ‘இந்த வேலையில ஒனக்கு எது ரொம்ப மனசு நோவுது?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். கிழிந்த கையுறை என்றால் கிழிந்த கையுறை. லோரியில் ஏற ஏணி இல்லை என்றால் ஏணி. ‘ஏய்’ என்று கூப்பிடுகிறான் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், சின்ன விஷயம் என்று அடித்துவிட வேண்டாம். தாளைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.